பதினேழாம் எண்காரரின் தாடி

ஆனி மாதம் இரண்டாவது வாரத்தில், ஒரு புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, தோணித்துறை அருங்காட்சியகத்தில் பதினேழாம் எண் பானைக்குத் தாடி முளைத்திருப்பதை முதலில் பார்த்தவள் மிக்கேலம்மாள், பார்த்தவள் கத்தவில்லை, கையிலிருந்த துணியைக் கீழே போடவில்லை, கண்ணாடிப் பெட்டியை வலமிருந்து இடமாகத் துடைத்து முடித்து, வாளித் தண்ணீரை வேப்பமரத்து மூட்டில் ஊற்றிவிட்டு, தெருவைத் தாண்டி எதிரே இருந்த முடிதிருத்தும் கடைக்குப் போய், "அண்ணாச்சி, கை ஒழிஞ்சா ஒரு எட்டு வாங்க. உள்ள ஒருத்தருக்கு உங்க வேலை இருக்கு" என்றாள்.

கடைக்காரர் பேச்சிமுத்துவுக்கு அறுபத்து மூன்று வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஊரில் மற்ற இரண்டு கடைகளிலும் அரசியலும் சினிமாவும் ஓடிக்கொண்டிருக்க, இவர் கடையில் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தான் கேட்கும்; தலைவலிக்காரர்களும் கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாப்பிள்ளைகளும் அதற்காகவே இவரைத் தேடி வருவார்கள். வாயால் பேசாததை எல்லாம் அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு முகத்துக்கு முப்பத்தெட்டு இழுப்பு, கன்னம் ஒட்டியவர்களுக்கு நாற்பத்தொன்று, நாற்பத்தோரு வருஷத்தில் தவறி விழுந்த கீறல்கள் மொத்தம் பத்தொன்பது, அதில் ஒன்பது வாடிக்கையாளர் தும்மியதால். யார் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார், யாரும் கேட்டதில்லை.

அந்த அருங்காட்சியகம் முன்பு சுங்கச்சாவடியாக இருந்த கட்டடம். கப்பலில் எஞ்சின் வேலை பார்த்த லாசர் பர்னாந்து என்கிற ஊர்க்காரர், பூமிப்பந்தின் அந்தப் பக்கத்தில் பெரு என்னும் நாட்டுக் கரையில் கப்பல் பழுதாகி ஏழு மாதம் நின்றபோது சேர்த்து, வைக்கோலும் பழைய சட்டைகளும் சுற்றி, ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்து, சாகும் முன் ஊருக்கு எழுதி வைத்துவிட்டுப் போன இருபத்து மூன்று பானைகள்தான் அதன் பெரிய சொத்து. அந்த நாட்டு மலைகளுக்கும் கடலுக்கும் நடுவே ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பிசைந்து, சுட்டு, சிவப்பும் வெளிர்மஞ்சளும் பூசிய பானைகள். ஒவ்வொன்றின் தலையிலும் குழாய் ஒன்று வளையமாக வளைந்து கைப்பிடி ஆகி, அதன் உச்சியில் ஒற்றை வாய் வைத்திருக்கும். ஒன்றில் மிளகாய் எழுதியிருந்தது, ஒன்றில் நிலக்கடலை, ஒன்று உடம்பெல்லாம் கண் வைத்த உருளைக்கிழங்காகவே இருந்தது, ஒன்று ஆந்தை, ஒன்று தவளை, ஒன்று வாயில் மீன் கவ்விய கடல்நாய். ஊர்ப் பெண்கள் எப்போதாவது உள்ளே போனால், "இவுகளும் நம்மள மாதிரி சந்தைக்குப் போயிட்டு வந்தவுகதான்" என்று சொல்லிவிட்டுக் காற்றாடிக்குக் கீழே சற்று நின்று வருவார்கள்.

பதினேழாம் எண் ஒரு ஆளின் தலை. ஐம்பது வயது மதிக்கலாம். தலைப்பாகை கட்டி, இரண்டு காதிலும் வட்டத் தோடு போட்டு, கீழுதட்டின் இடது ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்போடு, சந்தைக்கடையில் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிறவர் மாதிரி இருப்பார். அறுபது வருஷமாக யாரும் அவரைச் சரியாகப் பார்த்ததில்லை, பேச்சிமுத்து உட்பட.

பேச்சிமுத்து கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தார். குனிந்து, தாடைக்குக் கீழேயும் பார்த்தார். சுட்ட மண்ணில், எழுதின கோடு மாதிரி இல்லாமல், நம் ஆட்களுக்கு முளைப்பது போலவே, கன்னத்தில் அடர்ந்தும் மோவாயில் சற்று சுருண்டும் முளைத்திருந்தது.

"மூணு நாள் தாடி" என்றார். "நரைமுடி ரெண்டு."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மூன்று நாள் என்று கணக்கு வந்துவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று ஊர் யோசிக்க ஆரம்பித்தது. அன்று மதியத்துக்குள் மீன் ஏலக்கூடத்துக்கும், மாலைக்குள் உப்பளத்துக்கும், மறுநாள் பேருந்தில் பக்கத்து ஊருக்கும் சேதி போனது. மண்ணுக்கு எப்படி முடி முளைக்கும் என்று தோணித்துறையில் ஒருவரும் கேட்கவில்லை. எதற்காக வளர்க்கிறார் என்றுதான் கேட்டார்கள். ஒரு ஆண் தாடி வளர்த்தால் அதற்குக் காரணம் இல்லாமல் இருக்காது. மலைக்கு மாலை போட்டிருக்கலாம், வேளாங்கண்ணிக்கு நேர்ந்திருக்கலாம், வீட்டில் யாராவது செத்துத் துஷ்டி விழுந்திருக்கலாம், மனைவி முழுகாமல் இருக்கலாம். இல்லாவிட்டால் யாரோ ஒருத்தி வேறொருவனைக் கட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

"அதுதாம்வே" என்றார் மூன்று விசைப்படகுக்குச் சொந்தக்காரரான தொம்மை, ஏலக்கூடத்துத் தராசின் மேல் கை வைத்துக்கொண்டு. "கண்ணப் பாத்தீரா? அது காதல் தோல்விக் கண்ணு. எனக்குத் தெரியாதா?"

"ஒமக்குத் தெரியாம? ஒம்ம வேண்டாம்னு போனவ நாலு பேரு" என்றாள் மீன் வெட்டுகிற பெண் ஒருத்தி, அரிவாள்மணையிலிருந்து தலை நிமிராமலே.

மிக்கேலம்மாள் பிள்ளைத்தாய்ச்சி கட்சி. மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி வைக்கமாட்டான், அது எந்த நாட்டுக்கும் பொதுதானே என்பது அவள் வாதம். மற்ற இருபத்திரண்டு பானைகளையும் ஒன்று விடாமல் பார்த்து, பன்னிரண்டாம் எண்ணில் தலையில் சுமை வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்தான் மனைவியாக இருக்கவேண்டும் என்று முடிவு செய்து, இரண்டு பெட்டியையும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி திருப்பி வைக்க அனுமதி கேட்டாள். காப்பாளர் ஞானசிகாமணி தரவில்லை. அவர் புத்தகம் படிக்கிறவர், எதற்கும் பயப்படுகிறவர். அந்த நாட்டு ஆண்களுக்குத் தாடி அரிதாகத்தான் முளைக்கும் என்று ஒரு தடித்த புத்தகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து அவர் வாய்தவறிச் சொல்லிவிட, ஊருக்கு அவர் மேல் மரியாதை இரண்டு மடங்காயிற்று. முளைக்காத இடத்தில் முளைக்க வைத்திருக்கிறார் என்றால் எவ்வளவு பெரிய காரணமாக இருக்கும்!

அதன் பிறகு ஆனி முழுக்கவும் ஆடி முழுக்கவும் அவரைப் பார்க்க ஆள் வந்தபடி இருந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் முதல் வாரத்தோடு நின்றுபோனார்கள். பிறகு வந்தவர்கள் எல்லாம் விசாரிக்க வந்தவர்கள். நேர்த்திக்கடனில் இருக்கிறவனைப் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவது போல, "இருக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள், மருமகளோடு சண்டை போட்ட மாமியார் வந்து அவர் எதிரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து மனம் ஆறிப் போனாள், பரீட்சையில் தோற்றவர்களும் படகு பழுதானவர்களும் வந்தார்கள், அவர் முன்னால் மீன்குழம்பு மணக்கச் சாப்பிட்டுப் போனால் அவருக்கு விரதம் கலையுமோ என்று ஏலக்கூடத்தார் கை கழுவிவிட்டு வந்தார்கள். யாரும் அவருக்குப் பெயர் வைக்கவில்லை. "பதினேழாம் எண்காரர்" என்றார்கள், எதிர்வீட்டுக்காரர் என்று சொல்வது போல.

ஆடி கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

எட்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற இருப்புச் சரிபார்ப்பு ஐப்பசி நாலாம் தேதி. அலுவலர் வந்து ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டில் ஒட்டியிருக்கும் படத்தோடு ஒப்பிடுவார். ஒத்துப்போகாத பொருளை அன்றே கட்டி, தலைநகரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே உண்மையான பொருள்தானா என்று பார்க்க ஒரு அரிசி அளவு சுரண்டி எடுப்பார்கள். தோணித்துறையிலிருந்து அப்படி இதுவரை போனவை இரண்டு, ஒரு கல் யாளியும் ஒரு வெண்கல விளக்கும். யாளி போய்ப் பதினாறு வருஷம், விளக்கு போய் எட்டு வருஷம். இரண்டும் திரும்பவில்லை.

படத்தில் பதினேழாம் எண்காரர் மழமழவென்று இருந்தார்.

"எடுத்துடணும், பேச்சிமுத்து" என்றார் காப்பாளர், கடைக்குள்ளேயே வந்து, தனக்குத்தான் சவரம் என்பது போல நாற்காலியில் உட்கார்ந்து. "வேற வழி இல்ல. இல்லன்னா கட்டிக் கொண்டு போயிடுவாங்க."

பேச்சிமுத்து துண்டை உதறினார். எப்போதும் உதறுவதைவிட இரண்டு தடவை அதிகம் உதறினார். "நேர்ந்தவர் முகத்துல எப்படி சார்?"

"நேர்ந்தாரா இல்லையான்னு யாருக்குத் தெரியும்? அவர் போயிட்டா அப்புறம் நேர்ந்து என்ன, நேராட்டி என்ன?"

அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்து நாள் பார்ப்பதில் ஒரு வாரம் போனது. அருங்காட்சியகத்துக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆளில்லாமல் பெட்டியைத் திறக்க அதைவிட்டால் நாள் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை யார் சவரம் செய்வார்கள்? பேச்சிமுத்துவின் கடைக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. அன்று அவர் கை சும்மா இருக்கும், ஆனால் செவ்வாயில் அவர் கத்தியைத் தொட்டதில்லை. வேற்று நாட்டுக்காரருக்கு வெள்ளி செவ்வாய் உண்டா என்று காப்பாளர் கேட்க, "அவருக்கு இல்லாட்டியும் எனக்கு உண்டுல்லா சார்" என்று பேச்சிமுத்து சொல்ல, கடைசியில் ஆவணி முதல் புதன், காலை ஏழே காலுக்கு, கதவு திறக்கும் முன்பு என்று முடிவானது.

காப்பாளர் பானையைத் துண்டு விரித்த மேசையில் வைத்து, அடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மிக்கேலம்மாள் வாசலில் நின்று, உள்ளே பார்க்கமாட்டேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டாள். சோப்பு நுரை மண்ணில் ஊறும் என்பதால் பேச்சிமுத்து பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தாடியை மட்டும் ஈரமாக்கினார். புது பிளேடு. முடிக்குக் கீழே இருந்தது பூச்சு, பூச்சுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே வெறும் காற்று. ஒரு தும்மல் போதும். எந்த வாடிக்கையாளரும் அந்த இடத்தில் தானாக மோவாயைத் தூக்கிக் கொடுப்பார், இவர் கொடுக்கவில்லை. பேச்சிமுத்து அதைக் கவனித்தார். கவனித்தும், பானையை இறுகப் பிடித்திருந்த காப்பாளரின் விரல்களைப் பார்த்துவிட்டு, ஆரம்பித்தார். ஐம்பத்திரண்டு நிமிஷம், முப்பத்தெட்டு இழுப்பு, ஒரு கீறல் இல்லை. நாற்பத்தோரு வருஷத்தில் அதைவிட நல்ல சவரம் அவர் செய்ததில்லை, அதைவிட வெட்கமாக உணர்ந்ததும் இல்லை.

மறுநாள் காலை மிக்கேலம்மாள் பெட்டியைத் துடைக்கப் போனபோது தாடி முழுதாகத் திரும்பி வந்திருந்தது. இரண்டு மாதத்தில் வளர்ந்திருந்தது எல்லாம் ஒரே நாளில், இரண்டு விரல்கடை நீளத்துக்கு. கீழே விரித்திருந்த பச்சைத் துணியில் தண்ணீர் தேங்கியிருந்தது, சின்னக் கரண்டியால் அள்ளினால் இரண்டு கரண்டி. அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது.

"ஐயோ அண்ணாச்சி" என்றாள் தெருவைத் தாண்டி வந்து. வேறொன்றும் சொல்லவில்லை.

ஊர் சொல்லிற்று. விரதக்காரரின் விரதத்தைக் கலைத்துவிட்டான் பேச்சிமுத்து என்று ஏலக்கூடம் சொல்லிற்று, உப்பளம் சொல்லிற்று, கோயிலும் சர்ச்சும் சொல்லிற்று. காப்பாளர் சொல்லித்தான் செய்தார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் காப்பாளர் கையில் கத்தி இல்லை. தொம்மை மட்டும் கடைக்கு வந்து, "கேட்டுட்டுச் செஞ்சிருக்கப்படாதா வே?" என்றார். அவர் திட்டியிருந்தால் பேச்சிமுத்து தாங்கியிருப்பார்.

தப்பு செய்தால் சலூன்காரன் எப்படி மன்னிப்புக் கேட்பான்? கீறல் பட்டால் படிகாரம் தடவுவான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. பேச்சிமுத்து அன்று கடையை அடைத்துவிட்டுப் பெட்டிக்கு எதிரில் போய் நின்றார். பக்கத்தில் யாரும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நீங்களா எடுக்கிற வரைக்கும் நானும் எடுக்கல" என்றார். பிறகு மேலும் ஏதோ சொல்லவேண்டும் போலத் தோன்ற, "ஒங்கள யாரும் கொண்டு போகாம நான் பாத்துக்கிடுதேன்" என்றும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஐப்பசி நாலுக்கு அறுபத்து மூன்று நாள் இருந்தது.

நாற்பத்தோரு வருஷம் தினமும் காலை ஆறரைக்குத் தன் முகத்தைத் தானே மழித்தவர் தாடி வளர்த்தால் ஊருக்கு அது சின்ன விஷயமா? அவர் மனைவி வடிவு மூன்றாம் நாளே சண்டைக்கு வந்தாள். "செஞ்ச தப்புக்கு நோட்டீசு ஒட்டுத மாதிரி இருக்கு. தாடி வச்ச சலூன்காரன்ட்ட எவன் வருவான்? பல்லு இல்லாத பல் டாக்டர்ட்ட போவாகளா?" ஏழாம் நாள் அருகில் வந்து கையால் தடவிப் பார்த்து, "முள்ளம்பன்னி" என்றாள். இருபதாம் நாள், தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு வந்து, "சீவியாவது விடுங்க, எனக்கே பாவமா இருக்கு" என்று தடவிவிட்டாள்.

அடுத்து தாடியோடு வந்தவர் தொம்மை. "நான் ஒண்ணும் ஒமக்காக இல்ல, பிளேடு தீந்துபோச்சு" என்றார். பிறகு அவர் படகில் போகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஐஸ் உடைக்கிறவர்கள் ஐந்து பேர். உப்பளத்துக் கணக்கர். பூசாரி, அவரைப் பார்த்துச் சர்ச்சு உபதேசியார், உபதேசியாரைப் பார்த்துப் பள்ளிவாசல் தெருவில் ஏற்கெனவே தாடி வைத்திருந்தவர்கள், "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று சிரித்துக்கொண்டு தங்கள் தாடியையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பேச்சிமுத்து கணக்கில் நேர்மையானவர், முன்பே இருந்ததைச் சேர்க்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆவணி போய்ப் புரட்டாசி போனது. தாடி கறுப்பாக முளைத்தது, செம்பட்டையாக முளைத்தது, முளைக்காதவர்கள் முளைத்ததாக எண்ணித் தடவிக்கொண்டார்கள், மணவறையில் ஒரு மாப்பிள்ளை தாடியோடு உட்கார்ந்தான், பெண்வீட்டார் விசாரித்துவிட்டுச் சரி என்றார்கள், குழந்தைகள் அப்பாவை அடையாளம் தெரியாமல் ஒரு நாள் அழுது மறுநாள் தாடியைப் பிடித்து இழுத்தன. ஐப்பசி பிறந்தபோது பேச்சிமுத்துவின் கணக்குப்படி எண்பத்தாறு தாடி. கடையில் தலைமுடி மட்டும் வெட்டினார்.

எண்பத்தாறு பேரும் எதற்காக வளர்க்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அவருக்குத் துணைக்கு, அவ்வளவுதான்.

நாலாம் தேதி பதினொன்றரை மணிக்கு அலுவலர் வந்தார். பெயர் சேந்தன். முப்பது வயது இருக்கும். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பதிவேட்டின் நகல். பேருந்திலிருந்து இறங்கியவர் எதிர்ப்பட்ட முகங்களைப் பார்த்து, ஏதோ திருவிழாவுக்கு நடுவில் வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். அவர் முகத்திலும் தாடி இருந்தது. பேச்சிமுத்து கடை வாசலில் நின்று தொழில்கண்ணால் பார்த்தார். ஏழு மாதத் தாடி, ஒருமுறைகூட ஒதுக்காதது, மீசை மட்டும் உதட்டில் விழாமல் தானாகக் கத்தரித்துக்கொண்டது. மாலை போட்டவர் இல்லை, கழுத்தில் மணி இல்லை. நாகரிகத்துக்கு வைத்ததும் இல்லை, ஓரம் கோணலாக இருந்தது.

ஒன்று முதல் பதினாறு வரை நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. அலுவலர் படத்தைப் பார்ப்பார், பானையைப் பார்ப்பார், 'ஒத்துள்ளது' என்று எழுதுவார். கதவுப் பக்கம் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பேச்சிமுத்து அவர்களுக்கு முன்னால் நின்றார், தள்ளிவிட்டதால்.

பதினேழில் அலுவலரின் பேனா நின்றது.

"இது என்ன?"

காப்பாளர் மிக்கேலம்மாளைப் பார்த்தார்.

"அவர்தான் சார்" என்றாள் மிக்கேலம்மாள்.

"படத்துல இருக்கறது வேற, இங்க இருக்கறது வேற. யாரோ மாத்தி வச்சிருக்காங்க, இல்லன்னா மேல எதையோ ஒட்டியிருக்காங்க." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "நான் ஒண்ணும் பண்ண முடியாது. விதி இருக்கு. பெட்டியும் வைக்கோலும் இருக்கா? நாலு மணி வண்டியில ஏத்திடலாம்."

மிக்கேலம்மாள் நகரவில்லை. "வைக்கோல் இல்ல சார், மாடு தின்னுடுச்சு" என்றாள், ஊரில் மாடே இல்லாமல்.

பேச்சிமுத்துவின் கால் தானாக இரண்டடி முன்னால் போயிருந்தது. பின்னால் எண்பத்தைந்து பேர் இருந்தார்கள், யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தார். வாக்குக் கொடுத்தது அவர் மட்டும்தான்.

"சார்" என்றார். "ஒங்க கழுத்துல கெடக்க அட்டைய ஒருதடவ பாக்கலாமா?"

அலுவலர் யோசனையோடு கழற்றிக் கொடுத்தார். பேச்சிமுத்து அதை எட்டப் பிடித்துப் பார்த்தார். படத்தில் மழமழவென்ற முகம், இடது தாடையில் ஒரு மச்சம்.

"இது நீங்கதானா சார்?"

"என்ன கேள்வி? நான்தான்."

"இதுல தாடி இல்ல. மச்சம் இருக்கு. ஒங்களுக்குத் தாடி இருக்கு, மச்சத்தக் காணோம்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அலுவலரின் கை தானாகத் தாடைக்குப் போனது. "அது... வீட்ல எட்டு மாசம். பிள்ளை பொறக்கற வரைக்கும் எடுக்கக் கூடாதுன்னு எங்க அம்மா..." என்று ஆரம்பித்து, இதை எதற்கு இவரிடம் சொல்கிறோம் என்று நிறுத்தினார்.

"நல்லபடியாப் பொறக்கும் சார்" என்றாள் மிக்கேலம்மாள் நடுவில்.

"ஒங்களக் கேட்டதும் காரணம் சொன்னீக" என்றார் பேச்சிமுத்து. இப்போது நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்ததால் வேகமாகப் பேசினார். "சொல்லாட்டியும் நீங்க நீங்கதான். அவர் சொல்லல, அவ்வளவுதான் சார். நான் ஒருதடவ கேக்காம எடுத்துட்டேன், ஆவணி மொதப் புதன், அவர் அழுதுட்டார். என் தப்பு. அதுக்கு அவரக் கட்டி அனுப்பாதீக. நாப்பத்தோரு வருசமா மொகம் பாக்கேன். தாடிய வச்சு ஆளப் பாக்கப்படாது சார், தாடி வரும், போகும். காதப் பாருங்க. காது மாறாது."

அவ்வளவு நீளமாக அவர் பேசி ஊர் கேட்டதில்லை. வடிவுகூட, கூட்டத்தின் கடைசியில் நின்றவள், யார் பேசுவது என்று எட்டிப் பார்த்தாள்.

அலுவலர் படத்தைப் பெட்டிக்கு அருகில் பிடித்தார். காதைப் பார்த்தார். இடது காதின் மேல்மடிப்பில், சுடும்போதே விழுந்த ஒரு பள்ளம், படத்திலும் இருந்தது. வட்டத் தோட்டைச் சுற்றிப் புள்ளிகள் இருந்தன. படத்தில் எண்ணினார், ஒன்பது. பானையில் எண்ணினார், ஒன்பது, அதில் மூன்றாவது சற்று நகர்ந்து எழுதப்பட்டிருந்தது, படத்திலும் மூன்றாவதுதான் நகர்ந்திருந்தது. வலது காதுக்கும் போனார். பிறகு கீழுதட்டின் ஓரத்தை, தாடியை விலக்கிப் பார்க்க விரலைக் கொண்டுபோய், கண்ணாடியில் இடித்து, நின்றார். தாடிக்கும் மேலே பதினேழாம் எண்காரர், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பியவர் போல, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தாடிகளும் கண்ணாடியின் இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"எத்தனை மாசமா வளர்க்கிறார்?" என்று கேட்டார் அலுவலர். குரல் இறங்கியிருந்தது.

"ஆனி ஆறுலேருந்து" என்றார் பேச்சிமுத்து.

"யாருக்காக?"

தொம்மை வாயைத் திறந்தார், அந்த மீன் வெட்டுகிற பெண் அவர் காலை மிதித்தாள்.

அலுவலர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பதிவேட்டைச் சாய்வுமேசையில் பரப்பி, பதினேழாம் வரியில் பேனாவை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். 'ஒத்துள்ளது' என்று எழுத மனம் வரவில்லை, ஒத்திருக்கவில்லை. 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதக் கை வரவில்லை. அலுவலர் பெட்டிக்குள் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, ஒரே வார்த்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, மை காய ஊதினார்.

பேச்சிமுத்து எதிர்ப்பக்கம் நின்றதால் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. அவர் கழுத்தைச் சாய்த்து, உதடு அசைய, எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

'அவரேதான்.'